87 என்னும் எண்

பௌதிகம் கற்பிப்பவனுக்குப் புற்றுநோயைப் பற்றி எழுத என்ன உரிமை என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நோயைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த நோயோடு சேர்ந்து ஊர் சுற்றிவரும் ஓர் எண்ணைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன். எண்களோடு மல்லாடுவதுதானே எங்கள் தொழில்!

சென்ற ஆண்டு ஒரு பிற்பகல், கதிரியக்கச் சிதைவுப் பாடத்தை முடித்துவிட்டுக் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி தயங்கியபடி வந்து நின்றாள். கையில் மடித்த தாள் ஒன்று. "சார், எங்க அம்மா மார்பகப் புற்றுநோயிலதான் தவறிட்டாங்க. அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கு 87 சதவிகிதம் வரும்னு இதில போட்டிருக்கு. நிஜமா சார்?" என்றாள். தாளை வாங்கிப் பார்த்தேன். ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி எழுதிய கட்டுரை ஒன்றின் தமிழ்ச் சுருக்கம் அது. என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. மூலக் கட்டுரையைத் தேடிப் படித்தேன். அதற்கு முன்னும் பின்னும் வந்த ஆராய்ச்சி முடிவுகளையும் படித்தேன். அந்த வாசிப்பின் பயனே இந்த விமரிசனம்.

முதலில் கட்டுரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2013 மே 14 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளேட்டில் அது வெளிவந்தது. ஜோலிக்கு அப்போது வயது 37. அவருடைய தாயார் ஏறத்தாழப் பத்தாண்டுகள் புற்றுநோயோடு போராடி 56 வயதில் இறந்தவர். பி.ஆர்.சி.ஏ.1 என்ற ஜீனில் ஒரு பழுது தமக்கும் வந்திருப்பதைப் பரிசோதனையில் அறிந்த ஜோலி, நோய் வருவதற்கு முன்பாகவே இரு மார்பகங்களின் திசுக்களையும் அறுவைச் சிகிச்சையால் அகற்றிக்கொண்டார். அந்த முடிவை எப்படி எடுத்தார், சிகிச்சை எத்தனை கட்டங்களாக நடந்தது, குழந்தைகளிடம் என்ன சொன்னார் என்பதையெல்லாம் எளிய நடையில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். உடலழகையே முதலாகக் கொண்ட ஒரு தொழிலில் இருப்பவர் இப்படி எழுதுவதற்குத் துணிவு வேண்டும். கட்டுரையில் அழுகை இல்லை, தற்பெருமை இல்லை. புற்றுநோய் என்ற சொல்லையே தாழ்ந்த குரலில் உச்சரிக்கும் கோடிக்கணக்கான குடும்பங்களில் அதைப் பற்றிப் பேசவைத்தது அந்தக் கட்டுரை. இதை மறுப்பவர் எவரும் இருக்க முடியாது.

ஆனால் அதில் ஓர் எண் இருக்கிறது. தமக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 87 சதவிகிதம், சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 50 சதவிகிதம் என்று மருத்துவர்கள் மதிப்பிட்டதாக அவர் எழுதுகிறார். ஒவ்வொரு பெண்ணுக்கும் இது வேறுபடும் என்று அதே மூச்சில் சொல்கிறார். மார்பகப் புற்றுநோய்களில் சிறு பகுதியே பரம்பரைப் பழுதால் வருவது என்றும், பழுதுபட்ட பி.ஆர்.சி.ஏ.1 உள்ளவர்களுக்குச் சராசரி வாய்ப்பு 65 சதவிகிதம் என்றும் அடுத்த வாக்கியங்களிலேயே எழுதுகிறார். கவனித்தீர்களா? அடுத்தடுத்த வரிகளில் 87, 65 என இரண்டு எண்கள். ஏன் இந்த வேறுபாடு என்று ஒரு வரி விளக்கம்கூட இல்லை. உலகம் எந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டது? 87 ஐத்தான். 65 எங்கோ உதிர்ந்துவிட்டது. என் மாணவி கொண்டுவந்த சுருக்கத்தில் 65 இல்லவே இல்லை. அதோடு, 'பழுதுபட்ட ஜீன்' என்று ஜோலி கவனமாக எழுதியது அதில் 'புற்றுநோய் ஜீன்' என்று ஆகியிருந்தது. இது சிறிய பிழையன்று. பி.ஆர்.சி.ஏ.1 ஜீன் உங்களிடமும் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. அது நம்மைக் காக்கும் ஜீன். நோய்க்கு வழிவிடுவது அதில் ஏற்படும் பழுதுதான்.

இந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று விளங்க வேண்டுமானால், பரம்பரையாக வருவது என்ன என்பதை முதலில் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு பழைய ஆராய்ச்சியை எடுத்துக்கொள்கிறேன். பௌதிகக்காரர்களுக்கு மிகவும் பிடித்துப்போகும் ஆராய்ச்சி அது.

1971 இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆல்பிரட் நட்ஸன் என்ற மருத்துவ விஞ்ஞானி, குழந்தைகளின் விழித்திரையில் தோன்றும் புற்றுநோயை ஆராய்ந்தார். அவர் நுண்ணோக்கியைத் தொடவில்லை. 48 குழந்தைகளின் மருத்துவப் பதிவேடுகளை எடுத்துவைத்துக்கொண்டு கணக்குப் போட்டார், அவ்வளவுதான். சில குழந்தைகளுக்கு இரு கண்களிலும் நோய். சிலருக்கு ஒரு கண்ணில் மட்டும். எத்தனை மாத வயதில் நோய் கண்டுபிடிக்கப்பட்டது என்று பார்த்து, இன்னும் நோய் வெளிப்படாமல் எஞ்சியிருப்போரின் விகிதத்தை மடக்கை அளவுகோலில் வரைந்தார். இரு கண் நோயாளிகளுக்கு ஏறக்குறைய நேர்கோடு கிடைத்தது. ஒரு கண் நோயாளிகளுக்கோ தொடக்கத்தில் தயங்கிப் பின்னர் இறங்கும் வளைகோடு கிடைத்தது.

நேர்கோடு என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வருகிறது? கதிரியக்கச் சிதைவு அல்லவா? ரேடியம் அணு ஒவ்வொன்றும் சிதையக் காத்திருக்கிறது. எந்த அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எஞ்சியிருக்கும் அணுக்களில் ஒரு குறிப்பிட்ட பங்கு ஒவ்வொரு ஆண்டும் சிதையும். தற்செயலான ஒரே ஒரு நிகழ்ச்சிக்காகக் காத்திருக்கும் எதுவும் மடக்கைத் தாளில் நேர்கோடாகத்தான் விழும். இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தாக வேண்டும் என்றால் கோடு வளையும். நட்ஸன் இதிலிருந்து கண்டுகொண்டது இதுதான்: ஒரு செல் புற்றாக மாற இரண்டு அடிகள் விழ வேண்டும். நம் ஒவ்வொரு செல்லிலும் அந்த ஜீனுக்குத் தாய் தந்த படி ஒன்று, தந்தை தந்த படி ஒன்று என இரண்டு படிகள் உள்ளன. இரண்டும் பழுதாக வேண்டும். சாதாரணமாகப் பிறந்த குழந்தைக்கு ஒரே செல்லில் இரண்டு விபத்துகளும் நேர்வது மிக அரிது. பரம்பரைப் பழுதோடு பிறந்த குழந்தைக்கோ ஒவ்வொரு செல்லிலும் முதல் அடி விழுந்தே இருக்கிறது. மற்றொன்று விழுந்தால் போதும்.

ஆகவே பரம்பரையாக வருவது புற்றுநோய் அன்று. இரண்டு பிரேக்குகளில் ஒன்று அறுந்துபோன வண்டிதான் பரம்பரையாக வருகிறது. இரண்டாவது பிரேக் அறுவது வாழ்நாளில் நேரும் தற்செயல். நட்ஸன் இன்னொரு கணக்கும் போட்டார். பழுதைப் பெற்ற குழந்தைக்குச் சராசரியாக மூன்று கட்டிகள் தோன்றும் என்று மதிப்பிட்டார். சராசரி மூன்று என்றால், ஒன்றுகூடத் தோன்றாமல் தப்புபவர் எத்தனை பேர்? பாய்ஸான் பரவலைப் படித்த மாணவர்கள் உடனே சொல்லிவிடலாம்: நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேர். அதே பழுது, அதே வயது. ஐந்து பேர் மட்டும் தப்புகிறார்கள். அவர்களிடம் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. அதிர்ஷ்டம், அவ்வளவே.

மார்பகப் புற்றுநோயில் இதே கதை வேறொரு ஜீனைக் கொண்டு நடக்கிறது. மேரி கிளேர் கிங் என்ற பெண் விஞ்ஞானி பல்லாண்டுகள் தேடி, 1990 இல், 17 ஆவது குரோமோசோமில் அதன் இருப்பிடத்தைக் காட்டினார். 23 குடும்பங்கள், அவற்றில் 146 மார்பகப் புற்றுநோயாளிகள் என்பது அவருடைய ஆய்வின் அளவு. அந்தக் காலத்தில் பலர், சிக்கலான ஒரு நோய்க்கு ஒற்றை ஜீனைத் தேடுவது வீண் வேலை என்று கருதினார்கள். 1994 இல் ஜீன் பிரித்தறியப்பட்டது. அது உண்டாக்கும் புரதம், டி.என்.ஏ. இழைகள் அறுபட்டால் ஒட்டுப்போடும் பணியில் சேர்ந்து உழைப்பது. செல்லில் இரண்டாவது படியும் பழுதாகிவிட்டால் ஒட்டுப்போடும் வேலை சீர்கெட்டு, பிழைகள் குவிகின்றன. மற்றவற்றை உயிரியல் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் மீண்டும் என் எண்ணுக்கு வருகிறேன்.

87 என்ற எண் இத்துறையில் பழைய முகம். 1994 இல் வெளியான ஓர் ஆய்வு, பழுதுபட்ட பி.ஆர்.சி.ஏ.1 உள்ள பெண்களுக்கு 70 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பை 87 சதவிகிதம் என்று கணித்தது. ஆனால் யாரை எண்ணி வந்த எண் அது? ஒரே குடும்பத்தில் பலருக்கு நோய் வந்திருந்த குடும்பங்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருந்தார்கள். ஜீனைத் தேடுபவர்களுக்கு அப்படிப்பட்ட குடும்பங்கள்தாம் பயன்படும், அதில் குற்றமில்லை. ஆனால் அந்தக் குடும்பங்களில் காணும் அளவை எல்லாருக்கும் பொருத்தினால் என்ன ஆகும்?

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் வகுப்பில் ஒவ்வொருவரையும் "உன் வீட்டில் எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டுச் சராசரி எடுங்கள். ஊரின் உண்மையான சராசரியைவிட அது கூடுதலாகவே இருக்கும். காரணம் தெளிவு. பிள்ளையே இல்லாத வீட்டிலிருந்து உங்கள் வகுப்புக்கு யாரும் வரவில்லை. ஐந்து பிள்ளைகள் உள்ள வீடோ உங்கள் கணக்கில் விழ ஐந்து மடங்கு வாய்ப்புப் பெற்றிருக்கிறது. நோய் மிகுந்த குடும்பங்களைக் கொண்டு அளந்த வாய்ப்பும் இப்படித்தான் பெருத்துவிடுகிறது. 2003 இல், குடும்ப வரலாற்றைப் பாராமல் நோயாளிகளைச் சேர்த்த 22 ஆய்வுகளின் விவரங்களை ஒன்றுதிரட்டிக் கணக்கிட்டபோது, 70 வயதுக்குள் சராசரி 65 சதவிகிதம் என்று வந்தது. ஜோலியின் கட்டுரையில் உதிர்ந்துபோன எண்ணும் இதுதான்.

அப்படியானால் ஜோலி சொன்ன 87 தவறா? இல்லை. தாயை இழந்த, நோய் மிகுந்த குடும்பத்தைச் சேர்ந்த அவருக்கு அது பொருந்தியிருக்கலாம். அவருடைய மருத்துவர்களோடு வாதிட எனக்குத் தகுதியில்லை. என் குறை வேறு. "என் குடும்பத்தைப் போன்ற குடும்பங்களில்" என்ற நான்கு சொற்கள் அந்த எண்ணுக்கு முன்னால் இருந்திருக்க வேண்டும். "இத்தனை வயதுக்குள்" என்ற இரண்டு சொற்களும் வேண்டும். வயது சொல்லாத சதவிகிதம், நேரம் சொல்லாத தூரத்தைப் போன்றது. அதைக் கொண்டு வேகத்தைக் கணிக்க முடியுமா?

2017 இல் பழுதுள்ள ஏறத்தாழ 10,000 பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்று வெளியாயிற்று. பி.ஆர்.சி.ஏ.1 பழுதுள்ளோருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 72 சதவிகிதம் என்றது அது. அந்த 72 ஐவிட எனக்குப் பிடித்தது அதிலுள்ள இன்னொரு செய்தி. இளம் வயதில் வேகமாக ஏறும் ஆபத்து, முப்பதுகளைக் கடந்த பின் ஏறாமல் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கிறதாம்: ஆண்டொன்றுக்கு ஆயிரம் பேரில் 20 முதல் 30 பேர். ஒவ்வொரு ஆண்டும் எஞ்சியவரில் ஒரே பங்கு! மீண்டும் நம்முடைய ரேடியம் வந்துவிட்டது பார்த்தீர்களா?

தாளும் பென்சிலும் எடுங்கள். பழுதோடு பிறந்த 100 பெண்களில் 40 வயதுக்குள் 24 பேருக்கு நோய் வந்துவிடுகிறது. எஞ்சுவோர் 76 பேர். ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 25 என்று வைத்துக்கொண்டால், 40 ஆண்டுகளில் அடுக்கு 0.025 பெருக்கல் 40, அதாவது 1. எஞ்சும் பங்கு 0.37. 76 இல் 0.37 பங்கு 28 பேர். 80 வயதில் நோயின்றி இருப்பவர் 28 என்றால் நோய் கண்டவர் 72. ஆய்வின் எண் அப்படியே வந்து நிற்கிறது. இனி, அதே பழுதோடு 60 வயது வரை நோயின்றி வாழ்ந்துவிட்ட ஒருவரை எண்ணிப்பாருங்கள். அவருக்கு 80 வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு இதே கணக்கின்படி நூற்றுக்கு 39 அளவுதான். ஜீன் மாறவில்லை, எண் மாறிவிட்டது. (இவையெல்லாம் பழுது உறுதியானவர்களுக்கு மட்டும். பொதுவாக அமெரிக்கப் பெண்களுக்கு வாழ்நாள் வாய்ப்பு எட்டில் ஒன்று.)

எண் இன்னொரு வகையிலும் மாறுகிறது. 2003 இல் அதே மேரி கிளேர் கிங்கும் துணைவர்களும் நியூயார்க் வட்டாரத்து யூதப் பெண்களிடையே, பி.ஆர்.சி.ஏ.1 அல்லது பி.ஆர்.சி.ஏ.2 பழுது உள்ளவர்களை ஆராய்ந்தார்கள். 1940 க்கு முன் பிறந்தவர்களில் 50 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 24 சதவிகிதம். 1940 க்குப் பின் பிறந்தவர்களில் 67 சதவிகிதம். பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே பழுதுதான். ஜீன் இரண்டு தலைமுறைக்குள் மாறிவிடாது. மாறியது அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை. இளமையில் உடற்பயிற்சி செய்தவர்களுக்கும் உடல் பருமனின்றி இருந்தவர்களுக்கும் நோய் தாமதமாக வந்ததை அந்த ஆய்வு சுட்டியது. நோயை முன்னதாகக் கண்டுபிடிக்கும் வசதி பெருகியதும் இந்த வேறுபாட்டில் ஒரு பங்கு வகித்திருக்கும். எப்படியாயினும், 87 என்பது ஜீனின் மீது பொறித்த முத்திரை அன்று என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

கட்டுரையில் வேறு இரண்டு குறைகளும் உண்டு. அது தாய்வழியை மட்டுமே பேசுகிறது. பழுதைத் தந்தையும் தருவார், மகனும் பெறுவான். பழுதுள்ள பெற்றோர் ஒருவரிடமிருந்து பிள்ளைக்கு அது வரும் வாய்ப்பு, நாணயம் சுண்டுவதைப் போலச் சரிபாதி. அத்தைகளுக்கும் தந்தைவழிப் பாட்டிக்கும் என்ன நேர்ந்தது என்று கேட்காமல் தாயை மட்டும் பார்ப்பவர் குடும்ப வரலாற்றின் பாதியை விட்டுவிடுகிறார். மற்றொன்று காசு. பரிசோதனைக்கு 2013 இல் அமெரிக்காவில் 3,000 டாலருக்கு மேல் ஆனதைப் பலருக்குத் தடை என்று ஜோலி வருந்துகிறார். ஏன் அத்தனை விலை என்று எழுதவில்லை. மிரியட் என்ற நிறுவனம் அந்த ஜீன்களுக்குக் காப்புரிமை வைத்திருந்தது. அது பற்றிய வழக்கு அப்போது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் இருந்தது. ஒரே மாதத்தில், 2013 ஜூன் 13 அன்று, இயற்கையான டி.என்.ஏ. வுக்குக் காப்புரிமை கோர முடியாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். இவ்வளவு பெரிய வழக்கைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

சரி, கட்டுரையைப் படித்தவர்களுக்கு என்ன புரிந்தது? அமெரிக்காவில் ஒரு குழுவினர் மக்களைக் கேட்டுப் பார்த்தார்கள். நான்கில் மூன்று பேர் ஜோலியின் கதையை அறிந்திருந்தார்கள். பழுது உள்ளவரின் ஆபத்தை இல்லாதவரின் ஆபத்தோடு ஒப்பிட்டு விளங்கிக்கொள்ளும் விவரம் பெற்றிருந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. கட்டுரை வெளிவந்த பின்னர், 15 வேலை நாட்களில், அந்நாட்டில் இந்த ஜீன் பரிசோதனைகள் 64 சதவிகிதம் கூடியதாக வேறோர் ஆய்வு காட்டியது. பரிசோதனைக் கூடத்துக்குப் போனவர்களில் எத்தனை பேருடைய நெஞ்சில் அந்த 87 ஒலித்துக்கொண்டிருந்திருக்கும்!

2015 மார்ச்சில் ஜோலி இரண்டாவது கட்டுரை எழுதினார். சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றிக்கொண்டதைப் பற்றியது அது. என் கருத்தில் முதலாவதைவிட இதுவே சிறந்தது. ஆனால் முதலாவதன் புகழ் இதற்குக் கிட்டவில்லை. பழுது இருப்பது தெரிந்தவுடன் அறுவைக்கு ஓட வேண்டியதில்லை, வேறு வழிகளும் உண்டு, தக்கதைத் தெரிந்து தேர்ந்துகொள்ளுங்கள் என்று இதில் விரிவாக எழுதுகிறார். உறவினருக்கு நோய் வந்த மிகக் குறைந்த வயதுக்குப் பத்தாண்டுகள் முன்னதாகத் தடுப்புச் சிகிச்சை செய்வது நலம் என்று மருத்துவர்கள் கூறியதையும், தாயாருக்கு 49 வயதில் நோய் தெரிந்ததையும், தமக்கு அப்போது 39 என்பதையும் சொல்கிறார். இங்கே எண்ணோடு வயது சேர்ந்திருக்கிறது. எந்தக் குடும்பம் என்பதும் சேர்ந்திருக்கிறது. வாசகர் தம் குடும்பத்துக்கு இதை அப்படியே பெயர்த்துக்கொள்ள மாட்டார். தம் குடும்பத்தின் வயதுகளைக் கேட்கத் தொடங்குவார்.

என் மாணவிக்கும் அதைத்தான் சொன்னேன். "அம்மாவுக்கு வந்த எல்லாப் புற்றுநோயும் இந்த வகை இல்லைம்மா. நூறு மார்பகப் புற்றுநோயில் ஐந்து முதல் பத்துதான் இப்படிப் பரம்பரைப் பழுதால் வருது. உங்க வீட்டில் அந்தப் பழுது இருக்கான்னே இன்னும் தெரியலை. இருந்தாலும் உனக்கு வந்திருக்க வாய்ப்பு பாதிதான். அதுக்கப்புறம்தான் மற்ற எண்ணெல்லாம்" என்றேன். அடுத்த வாரம் அவள் ஒரு முழுத்தாளில் இரு வழி உறவினரையும் எழுதிக்கொண்டு வந்தாள். அம்மாவுக்கு நோய் தெரிந்தபோது வயது 47. பெரியம்மாவும் சித்தியும் ஐம்பதைத் தாண்டி நலமாக இருக்கிறார்கள். அப்பா பக்கத்தில் ஓர் அத்தை என்ன நோயால் இறந்தார் என்பது யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. "வயிற்றுக் கட்டி" என்று மட்டும் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தாள்.

அந்தத் தாளைப் படிக்கும் தகுதி எனக்கில்லை. அவளையும் அவளுடைய அப்பாவையும் ஒரு புற்றுநோய் மருத்துவரிடம் அனுப்பிவைத்தேன். அவர் அத்தையைப் பற்றி நிறையக் கேட்டாராம். பிறகு அம்மாவின் பழைய திசுப் பரிசோதனை அறிக்கை இருக்கிறதா என்று கேட்டாராம். கட்டி எந்த வகை என்பதைப் பார்த்த பின்னரே ஜீன் பரிசோதனை தேவையா என்று முடிவு செய்யலாம் என்றிருக்கிறார். அறிக்கை வீட்டு அலமாரியில், மற்ற ரசீதுகளோடு, பத்திரமாக இருந்தது.